தானாக வந்து சேரணும்

படவேட்டுக் குப்பம்மாளின் மகள் திரௌபதி, வேலூரில் பிசியோதெரபி பயிற்சி முடித்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில், புதூர்நாட்டு விடுதிப் பள்ளிக்கு வாரந்தோறும் ஜீப்பில் மலையேறினாள். இளம்பிள்ளைவாதம் தாக்கிய பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை.

அவர்களில் சாந்தம்மாளை நினைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வராது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை. மடங்கிப்போன இடது முழங்கால் நீளவே மறுத்தது. தலைமையாசிரியர் சக்கரவர்த்தி கறாராகச் சொல்லிவிட்டார்: "விடுதியிலேருந்து தூக்கிட்டு வர ஆள் இல்லம்மா. அரைப்பரீட்சை அன்னிக்கு வகுப்புக்குத் தானா வந்து சேரணும். இல்லேன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

முழங்காலை நீட்டி அழுத்தும்போதெல்லாம் பிள்ளை அலறினாள். மகளைப் பார்க்க வந்த அப்பன் சடையன் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டான்.

"எம் பொண்ண சாவடிக்கிறியா?" மகளைத் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று நடந்தான்.

திரௌபதி பின்னாலேயே ஓடி அவன் வீட்டு வாசலில் நின்றாள்.

"நீட்டாம வுட்டா இப்படியே இறுகிப்பூடும்ணா. நீங்களே தொட்டுப் பாருங்க."

சடையன் முறைத்தான். பிறகு மகளின் முழங்காலுக்குப் பின்னால் விரலை வைத்தான். நரம்பு கயிறாக விடைத்திருந்தது.

"இன்னாம்மா இது, கல்லாட்டம் கீது..." குரல் இறங்கிப்போனது. "எப்டி நீட்டணும், சொல்லுங்க."

மகளை மறுபடி விடுதியில் விட்டு, அதன்பின் தினமும் அவனே பள்ளிக்கு வந்து நீட்டினான். மகள் அழுதாள், அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். கால் மெல்ல இளகியது. அதைத் தாங்க, காலில் மாட்டும் இரும்புக் காலிப்பரும் வேலூரிலிருந்து வந்தது.

பரீட்சை அன்று காலையில் மழை. முற்றம் சேறாகிக் கிடந்தது. சாந்தம்மாள் ஊன்றுகோலோடு புறப்பட்டாள். நடுமுற்றத்தில் சறுக்கி விழுந்தாள். பாய்ந்த சடையனின் கையைத் திரௌபதி பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்கண்ணா. தொட்டா போச்சு."

பிள்ளை புரண்டு, தட்டுத்தடுமாறி எழுந்தாள். படிக்கட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். படியேற அவளை இன்னும் பழக்கவில்லை. சாந்தம்மாள் திரும்பிப் படியில் உட்கார்ந்தாள். கையை ஊன்றி, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக உந்தி ஏறி, மேலே கதவைப் பிடித்து நிமிர்ந்தாள்.

"இது நடையாம்மா?" என்றார் சக்கரவர்த்தி.

"தானா வந்துட்டாளா இல்லியா சார்?"

அவர் சேறு அப்பிய பாவாடையைப் பார்த்தார். "உள்ள போய் உக்காரு" என்றார் பிள்ளையிடம்.

சடையன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அடுத்த வாரம் ஜீப் சத்தம் கேட்டதும் சாந்தம்மாள் சமையல்கட்டில் ஒளிந்துகொண்டாள். நின்றபடி படியேறுவதுதான் இனிப் பயிற்சி என்று திரௌபதி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.