‘பட்டு’ என்று கத்தினார்கள்

கோல் கம்பங்களுக்கு நடுவில், கோல் காக்கிற எங்கள் கோலி. என் அத்தை மகன். அவனுக்கு முன்னால் வலது பக்கம் நான். இடது பக்கம் ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த வண்டிக்காரன். மேடையில் மைக்குக்காரர். அவர் பக்கத்து நாற்காலியில் மெட்ராஸ் மில்லுக்காரர். விசிலோடு டிரில் மாஸ்டர் ஒருத்தர். எதிரில் புத்தூர் புட்பால் டீம். எங்கள் கம்பத்துக்குப் பின்னால் நாகலாபுரத்து ஆட்கள், ஒரு லாரி நிறைய. நைனா, என் அப்பா, வரவில்லை.

மில்லுக்காரர் எங்கள் கோலியைப் பார்க்கத்தான் வந்திருந்தார். மில் டீமில் கோல் காக்க ஆள் இல்லை. பிடித்துப்போனால் மில்லிலேயே வேலை. அத்தை வீட்டில் கிணறு வற்றி, குத்தகை நிலத்தையும் விட்டுவிட்டார்கள். என் தங்கையை அவனுக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்து பேச்சு. நைனா பேச்சை மாற்றவில்லை, கூட ஒன்று சேர்த்தார்.

“மில்லு வேலை கெடச்சா பொண்ணு. கெடைக்காட்டி நான் வெறும் மாமன். அவ்ளோதான்.”

தங்கை அடுப்படியில் இருந்தாள். கேட்டாள். அவனுக்கும் தெரியும்.

நாங்கள் சத்தியவேடு டீம். அதுவரை மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தோம். எல்லைத் தகராறு பேசி முடித்து, இனி ஆந்திரா என்று ஆகிவிட்டது. சில பேர் கடையை மூடினார்கள். சில பேர் வெடி விட்டார்கள். என் நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது.

நாகலாபுரத்துக்காரர்கள் எங்களுக்கு முன்பே ஆந்திரா. அதற்கு முன் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க அவர்கள் வந்ததே இல்லை. அன்றைக்கு லாரி பிடித்து வந்தார்கள். இறங்கியதும் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார்.

“மீரு இப்புடு மாவாள்ளே.”

நீங்கள் இப்போது எங்கள் ஆட்கள் என்று அர்த்தம். எங்களுக்காகக் கத்த வந்திருந்தார்கள். அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை.

எங்கள் ஊர் மைதானத்தில் விசில் கிடையாது. வாய்தான். ‘உடு’ என்றால் உதை. பந்தை வானத்துக்கு அடித்தால் ‘மாங்கா’. காலுக்கு நடுவில் பந்தை விட்டால் ‘கவட்டை’. அதை ஒரு வாரம் சொல்லிச் சிரிப்பார்கள். பேக்கில் நின்று தடுத்து ஆடுகிறவனுக்குப் பாடு அதிகம். பேக்கு என்றால் எங்கள் பக்கம் மடையன். “நீ லெப்டு பேக்கா, முழு பேக்கா?” என்று எல்லா ஆட்டத்திலும் யாராவது கேட்பார்கள். வண்டிக்காரன் சிரிப்பான்.

இன்னொரு சொல் ‘பட்டு’. கை பட்டுவிட்டது என்பதைச் சுருக்கியது. யார் கையில் பந்து பட்டாலும் பார்க்கிறவர்கள் ‘பட்டு’ என்பார்கள். உடனே எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவோம். யார் கைபட்டதோ அவனே பந்தை வைத்துவிட்டு ஒதுங்குவான். சொன்னவன் யார், எந்தக் கட்சி என்று கேட்கிற வழக்கம் இல்லை. பொய்யாக யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதும் இல்லை. வண்டிக்காரன் எங்களோடு சேர்ந்து கொஞ்ச நாள்தான். இந்த வழக்கத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தோம். நன்றாகப் பிடித்துக்கொண்டான்.

அவனுக்குத் தெலுங்கு வராது. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

புத்தூரில் ஆட்டம் தொடங்கியது. மைக்குக்காரர் அலிபிரிப் பக்கம் மலையேற வருகிற கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளுக்குக் குரல் கொடுக்கிறவர். பந்தாட்டம் அவருக்குப் புதிது. தமிழ் பாதி, தெலுங்கு பாதி.

“பந்து இப்போ கெழக்கால போய்க்கினு இருக்கு. மல்லி ஒச்சிந்தி, திரும்பி வந்துடுச்சி. செவப்புச் சட்டைக்காரர் பந்தை ஒதைக்கிறார். பந்து அவரை ஒதைக்குது. பெரியவங்க யாரும் கோட்டுக்குள்ள நிக்காதீங்க.”

பந்து வேர்க்கடலைக் கொல்லைக்குள் போனது.

“பந்தைக் காணோம். பழுப்பு நெறம். தோலு உரிஞ்சிருக்கும். பாத்தவங்க மேடைக்குக் கொண்டாந்து ஒப்படைக்கவும்.”

ஜனம் சிரித்தது. மில்லுக்காரரும் சிரித்தார். கோலி மட்டும் சிரிக்கவில்லை. கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

“மச்சான், அந்தாளு என்னப் பாக்குறாரா?”

“பாத்துக்கினுதான் இருக்காரு. நீ பந்தப் பாரு.”

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் புத்தூர்க்காரர்கள் இடது பக்கமாக வந்தார்கள். வண்டிக்காரன் குறுக்கே போனான். சரியான இடத்தில்தான் போனான். பந்து எதிராளியின் மார்பில் பட்டு விழுந்தது. கோலி ஒரு அடி முன்னால் வந்தான். வண்டிக்காரன் எடுக்காவிட்டால் தானே விழுந்து பிடித்துவிடலாம் என்ற தூரம்.

பின்னாலிருந்து லாரி ஆட்கள் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

“பட்டு! பட்டு! பட்டு!”

தெலுங்கில் பட்டு என்றால் பிடி. கோலியைத்தான் சொன்னார்கள். எனக்குப் புரிந்தது. கோலிக்கும் புரிந்தது.

வண்டிக்காரன் நின்றுவிட்டான். பந்து எதிராளியின் காலடியில் கிடந்தது. அவன் வழக்கப்படி கையைத் தூக்கிக்கொண்டு, எதிராளி ஒதுங்கட்டும் என்று நின்றான். கோலிக்கும் பந்துக்கும் நடுவில் நின்றான். எதிராளி ஒதுங்கவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தை மெதுவாக உள்ளே தட்டினான். கோலி பாய்ந்தான். வண்டிக்காரனின் காலில் இடறி அவன்மேலேயே விழுந்தான்.

வலை கிடையாது. பந்து கத்தினவர்களிடமே போனது. அந்தப் பெரியவர் அதைப் பிடித்தார். பிடித்தபடி நின்றார்.

டிரில் மாஸ்டர் விசில் ஊதினார். கோல்.

“பட்டுன்னாங்களே,” என்றான் வண்டிக்காரன். “எல்லாருந்தானே சொன்னாங்க. நீ கேக்கலியாண்ணா?”

“கேட்டேன்,” என்றேன் நான்.

“அப்பால?”

“அது வேற பட்டு.”

அவனுக்கு விளங்கவில்லை. கோலிதான் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னான். “புடின்னு என்னச் சொன்னாங்கடா. உன்ன இல்ல.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் வண்டிக்காரனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மைக்குக்காரருக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. “சத்தியவேடு தம்பி ஒருத்தர் கை தூக்கினு நிக்கிறார். இன்னாத்துக்குன்னு தெரியல. ஓட்டுப் போடறாரோ என்னவோ,” என்றார். ஜனம் மறுபடி சிரித்தது.

இடைவேளையில் மில்லுக்காரர் எழுந்துவிட்டார். நான் ஓடிப் போனேன்.

“இன்னும் பாதி ஆட்டம் இருக்கு சார்.”

“மெட்ராஸ் பஸ் இதை விட்டா இருட்டிப் போகும்.”

நடந்ததைச் சொன்னேன். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். இரண்டு பட்டுக்கும் அர்த்தம் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“சரிப்பா. ஆனா உங்க கோலி, தன் பேக்குக்கு ஒரு குரல் குடுத்திருக்கலாம். கோலிக்குக் கை மட்டும் போதாது. வாயும் வேணும். எங்க டீம்ல அதான் மொதல்ல பாப்போம்.”

அவன் பேசாதவன். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான்.

பஸ் வந்தது. ஏறிப் போனார்.

மீதி ஆட்டத்தில் புத்தூர்க்காரர்கள் எங்கள் கோல் பக்கமே நின்றார்கள். கோலி விழுந்து விழுந்து பிடித்தான். முழங்கை கிழிந்தது. எங்கள் ‘பட்டு’க்கு என்ன அர்த்தம் என்று இடைவேளையில் யாரோ நாகலாபுரத்து ஆட்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் ஒரு சத்தம் போடவில்லை. பாதிப் பேர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வண்டிக்காரன் ஆடினான், தலை நிமிரவில்லை. மைக்குக்காரர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். திரும்ப லாரி ஏறும்போது அந்தப் பெரியவர் கோலியிடம் வந்து கையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எந்த பாஷையில் சொல்வது என்று பார்த்தார் போலிருக்கிறது. சொல்லாமல் போனார்.

மில்லிலிருந்து தகவல் வரவில்லை. தங்கையை நைனா திருத்தணிப் பக்கம் கொடுத்தார். கல்யாணத்துக்குக் கோலி வந்தான். பந்தலுக்குத் தென்னங்கீற்று தூக்கிப் போட்டான். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“துன்னு மச்சான்,” என்றேன்.

“துன்னுக்கினுதானே இருக்கேன்.”

அப்புறம் கல்லுடைக்கப் போனான். மைதானத்துக்கு வரவில்லை. எங்கள் ஊரில் ‘பட்டு’ என்று கத்துகிற வழக்கம் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு விசில் வாங்கினார்கள்.

வண்டிக்காரன் ஊத்துக்கோட்டைக்கே திரும்பிவிட்டான். பல வருஷம் கழித்து சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. வீடு, பிள்ளைகள் என்று பேசினோம். டீ குடித்தோம். கோலி எப்படி இருக்கிறான் என்று கேட்டான். சொன்னேன். கிளாசைக் கீழே வைத்தான்.

“அந்த மில்லுக்காரரு பஸ் ஏறினப்புறம் அவன் எத்தினி புடிச்சாண்ணா? நான் தலையத் தூக்கிப் பாக்கவே இல்ல.”

“ஏழு.”