கார் ஷெட்டுக்கு இழுத்த லைன்

பீங்கானின் குளிர்ச்சியை என் வலது உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை. மெயின் பெட்டியில் செருகியிருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டையை எங்கள் பக்கத்தில் "பீஸ் கட்டை" என்போம். அதைப் பிடுங்கினால் வீடு முழுவதும் கரண்டு நின்றுவிடும். எனக்குப் பத்து வயதான கோடை விடுமுறையில், பெரம்பலூர் அரியலூர் சாலையை ஒட்டிய எங்கள் கிராமத்து வீட்டில், ஒரு நாள் முழுக்க அந்தக் கட்டையைப் பிடுங்குவதும் செருகுவதுமே என் வேலையாக இருந்தது.

அந்த ஆண்டுதான் அப்பா பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் எழுப்பும் தூசி படாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, வீட்டிலிருந்து ஐம்பது அறுபதடி தள்ளி, கொல்லையின் கடைசியில் அதற்கென்று ஒரு "ஷெட்டு" எழும்பியது. உள்ளே ஒரு டியூப் லைட்டும், கார் கழுவுகிற மோட்டாருக்கு ஒரு பிளக்கும் வேண்டும் என்று செல்வராசுவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

செல்வராசு ஊருக்குத் தெற்கே இருந்த காலனியைச் சேர்ந்தவர். அவருடைய பெற்றோர் எங்கள் வயலில் கூலிக்கு நின்றவர்கள், அவரோ ஐ.டி.ஐ. படித்து, சுற்றுப்பட்ட ஊர்களில் மோட்டாரும் வயரிங்கும் பார்க்கிற கெட்டிக்காரராக ஆகியிருந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை "வாங்க பாப்பா, போங்க பாப்பா" என்பார். அது எனக்கு அன்று இயல்பாகவே இருந்தது என்று எழுதும்போது கை கூசுகிறது.

கொல்லையைக் காலடியால் அளந்துவிட்டு, கிழித்த காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அவர் ஒரு படம் போட்டார். "மெயின் பெட்டி பக்கத்துல ஷெட்டுக்குன்னு தனியா ஒரு சுவிட்சு வெச்சுடலாங்க. அங்கேருந்து குழாய்க்குள்ள விட்டு, ரெண்டடி பள்ளத்துல மண்ணுக்கடியில கொண்டு போயிடலாம். ஷெட்டுலயும் தனியா எர்த்து போட்டுடணும். தண்ணி பொழங்குற எடம் பாருங்க."

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னய்யா இது, கலெக்டர் ஆபீசுக்குப் போடுற மாதிரி போட்டிருக்க?" என்று சிரித்தார். செல்வராசுவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் மெயின் பெட்டி எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. அது கூடத்தில், சாமி அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. "வராதே" என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்லும் வழக்கமே இல்லை. "உள்ளாற இப்பத்தான் கழுவி வுட்டிருக்கு" என்றார் அம்மா. அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "பள்ளமெல்லாம் எதுக்கு? பின்பக்கச் செவுத்து லைட்டுக்கு வருதுல்ல, அதுலேருந்து கம்பி கட்டி மேலால இழுத்துடு" என்றார். செல்வராசு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க" என்றார்.

வெளியே அவர் ஏணியில் நிற்க, உள்ளே யாராவது கட்டையைப் பிடுங்க வேண்டுமே, அதற்கு நான் அமர்த்தப்பட்டேன். முதல் முறை பிடுங்கியதும் அவர் பின்வாசல் வரை வந்து கையை நீட்டினார். "கட்டைய என்கிட்ட குடுத்துடுங்க பாப்பா. வேலை முடியிற வரைக்கும் அது என் பையிலதான் இருக்கணும்." அந்தத் தொழிலில் உயிரைக் காப்பது அந்த ஒரே விதிதான் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நான் கொடுக்கத்தான் போனேன். அம்மா தடுத்தார். "சாமிக்குப் பக்கத்துல மாட்டுற சாமான், அது இங்கயே இருக்கட்டும். புள்ளதான் நிக்குதுல்ல." நீட்டிய கை ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு வேட்டி நுனியைச் சரிசெய்வது போல் இறங்கிக்கொண்டது.

காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. "பாப்பா, புடுங்கிட்டீங்களா?" என்று அவர் குரல் கொடுப்பார், "புடுங்கியாச்சு!" என்று நான் கத்துவேன், டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுவார். மதியத்துக்கு மேல் எனக்கு அலுத்துப்போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பல்லாங்குழியை எடுத்துவைத்துக்கொண்டு என்னை அழைத்தபடி இருந்தார்கள். அம்மாவுக்குக் கிரைண்டரில் மாவு பாதியில் நின்றிருந்தது. "என்னடி, முடிஞ்சிருச்சாமா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டார். செல்வராசு இன்னும் ஏணியில்தான் இருந்தார், போடச் சொல்லி எதுவும் சொல்லியிருக்கவில்லை. "போடச் சொல்லிட்டாரு" என்று கூசாமல் சொல்லிவிட்டு, கட்டையைச் செருகிவிட்டு, விளையாட ஓடினேன்.

வாசற்படியைத் தாண்டியிருக்க மாட்டேன். ஏணி விழுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் கொல்லைக்கு ஓடினோம். துவைக்கிற கல்லோரம் செல்வராசு மடங்கிக் கிடந்தார். வலது கையின் இரண்டு விரல்கள் கருத்திருந்தன. மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. தண்ணீர் கொண்டுவர யாரோ ஓடினார்கள். "காலையிலயே ஊத்திட்டு வந்திருப்பான்" என்றார் சத்தம் கேட்டு வந்த சித்தப்பா. அப்பா என் பக்கம் திரும்பி, "நீ கட்டையப் போட்டியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றேன்.

செல்வராசு என்னைப் பார்த்தார். "நாந்தாங்க. பாக்காம தொட்டுட்டேன்" என்றார்.

ஒரு குழந்தையைக் காட்டிக்கொடுக்காத பெரிய மனசு அது என்று நெடுங்காலம் நினைத்து, அந்த நினைப்பில் ஒருவித ஆறுதலும் அடைந்திருக்கிறேன். அந்த ஆறுதலும் திருட்டுத்தான். அந்தக் கொல்லையில், அத்தனை பேர் நடுவில், அவர் சொல்லக்கூடிய பதில் வேறு என்ன இருந்தது? அந்த இரண்டு விரல்களும் பிறகு மடங்கவில்லை. ஏணி ஏறும் வேலை அவருக்கு இல்லையென்று ஆயிற்று. வேறொருவர் வந்து அதே கம்பியில் லைனை இழுத்து முடித்தார். ஷெட்டில் விளக்கு எரிந்தது. குடித்துவிட்டு வேலைக்கு வந்தவர் என்ற பேச்சை மட்டும் எங்கள் வீட்டார் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அரியலூரில் என் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு ஷெட்டு கட்டுகிறோம். சென்ற வாரம் எலக்ட்ரீஷியன் வந்து, செல்வராசு அன்று சொன்னதையே ஏறக்குறைய அதே வரிசையில் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும், என்னோடு இருக்கும் அம்மாவிடம், செல்வராசு சொல்லாமலே அந்தக் கட்டையைச் செருகியவள் நான்தான் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

அம்மா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "தெரியுமே. அவன் கெடக்கையில கிரைண்டர் ஓடிக்கிட்டுல்ல இருந்துச்சு? கொல்லையில நின்ன அம்புட்டுப் பேருக்கும் கேட்டுச்சு."

என் பொய்யை யாரும் நம்பியிருக்கவில்லை. எல்லாரும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களில் அப்பாவும் சித்தப்பாவும் இன்று உயிரோடு இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது வீடும் ஷெட்டும்கூடப் போய்விட்டன. செல்வராசு தா.பழூர்ப் பக்கம் மகளோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டே சில ஆண்டுகள் ஆகின்றன. தா.பழூர் போகும் பஸ் எங்கள் தெருமுனையில் நின்றுதான் போகிறது. நான் இன்னும் ஏறவில்லை.