சீனியவரைக்காயில் விழுந்த கறுப்பு

பிறந்த வாரமே கண்ட மஞ்சள் காமாலையை வண்டிமலைச்சி ஜெயித்தாள். இந்தப் பிள்ளை தங்காது என்று சொல்லிவிட்டுப் போன மருத்துவச்சி போய்ச் சேர்ந்த பிறகும் அவள் இருந்தாள். பத்து வயதில் கிணற்றுக்குள் விழுந்து, மோட்டார்க் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஆள் வருவதற்குள் தானே பாதி தூரம் ஏறிவிட்டாள். பீடிக் கடையில் எல்லாரும் சுற்றிக் கொடுக்கும் பீடிக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துக் கழிக்கிற கணக்குப்பிள்ளை இவள் கட்டைப் பிரிப்பதையே விட்டுவிட்டார். நிறம் பத்தாது என்று மூன்று வீட்டார் பலகாரம் தின்றுவிட்டுப் போன பிறகு, நாலாவதாக வந்த பொன்னுலிங்கம் காப்பி ஆறுவதற்குள் சரி என்றான். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, மாமியார் சிதம்பரவடிவின் அடுப்பை அவள் ஜெயித்தது.

தங்கச்சியைப் பற்றி யார் கேட்டாலும் மூத்தவள் ஆவுடைத்தங்கம் இந்தக் கடைசிச் சங்கதியைத்தான் ஒன்று விடாமல் சொல்வாள்.

பூவன்குளத்தில் அந்த வீட்டுக்கு மலைச்சி வாழ்க்கைப்பட்டுப் போய் மூன்று வருஷம் அடுப்புப் பக்கம் அவள் கை போகவில்லை. காய் நறுக்கலாம், அரைக்கலாம், சட்டி கழுவலாம். உலையில் அரிசி போடுவதும் உப்பு போடுவதும் சிதம்பரவடிவுதான். யார் கையால் சோறு தின்கிறானோ அவள் பேச்சைத்தான் ஆம்பளை கேட்பான் என்பது அவளுடைய கொள்கை. புருஷனை இழந்து ஒற்றை மகனை வளர்த்தவள். அந்த ஒரு பிடியை விட மனசில்லை.

பொன்னுலிங்கம் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் சுமை தூக்குகிறவன். நாள் பூராவும் காய் மூட்டைகளோடு கிடந்துவிட்டு வருகிறவனுக்குக் காயைக் கண்டாலே ஆகாது. ராத்திரிச் சாப்பாட்டைப் புரோட்டாக் கடையில் முடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். தாயும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

நாலாம் வருஷம் மழைக்காலத்தில் சிதம்பரவடிவு பாசியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு பிசகியது. எண்ணெய்க் கட்டுப் போட்ட வைத்தியர் கையை அசைக்கவே கூடாது என்றார். வேறு வழியில்லாமல் அடுப்பு மலைச்சியிடம் வந்தது.

முதல் நாள் வீட்டில் இருந்தது சீனியவரைக்காய், அதாவது கொத்தவரங்காய். மலைச்சி துவட்டல் என்கிற பொரியலுக்காக நாரெடுத்துப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டே, "அத்தே, ஒரு துண்டு கருப்பட்டி இருக்கா, துவட்டலுக்கு?" என்று கேட்டாள். சீனியவரையில் ஓரத்தில் ஒரு கசப்பு நிற்கும். நகக்கண் அளவு கருப்பட்டி போட்டால் அது போய்விடும், இனிப்பும் தெரியாது. பீடி சுற்றிக்கொண்டே சமைத்த நாளில் அவளாகக் கண்டுபிடித்தது அது. சிதம்பரவடிவு பக்கத்து வீட்டுக் கனியம்மாவைச் சுவர் வழியாகக் கூப்பிட்டாள். "ஏ கனி, கேட்டியா? எம் மருமவ சீனியவரைக்காயில பாயாசம் வைக்கப் போறாளாம். அவ அம்ம வீட்டுல அப்படித்தான் போல" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். மலைச்சி கசப்போடேயே அன்றைக்கு இறக்கினாள்.

மறுவாரம் அம்மா வீட்டுக்கு வந்து திரும்பியபோது அவள் முந்தானைக்குள் எதையோ காகிதத்தில் பொதிந்து வைப்பதை ஆவுடை பார்த்தாள். என்னட்டி அது என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சிரித்தாள். அது ஆவுடைக்கு முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. அக்காளிடம் மறைக்கிற அளவுக்கு அப்படி என்ன?

அதற்குப் பிறகுதான் பொன்னுலிங்கம் மாறினான். ஒருநாள் மழையில் புரோட்டாக் கடை மூடியிருக்க, வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். துவட்டலை ஒதுக்கிவைத்தவன், சோறு முடியும்போது ஒரு விள்ளல் எடுத்தான். பிறகு இன்னொன்று. அடுத்த நாளும் வீட்டுக்கே வந்தான். கொஞ்ச நாளில் சந்தையிலிருந்து அவனே சீனியவரைக்காய் பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வர ஆரம்பித்தான். ஒருமுறை தாயும் மனைவியும் ஏதோ பேச்சில் முரண்பட்டபோது, "அவ சொல்லுததும் சரிதானம்மா" என்றான். கல்யாணம் ஆகி அப்படி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை.

சிதம்பரவடிவு ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். காயே தொடாதவன் தின்கிறான். தாய் பேச்சைத் தட்டுகிறான். ஊரில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள்! பெண்டாட்டி சோற்றில் வசிய மருந்து வைத்தால் ஆம்பளை இப்படித்தான் ஆவான். அன்றிலிருந்து கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்தாள். மருமகள் பானையைத் திறந்தாலும் பார்த்தாள், மூடினாலும் பார்த்தாள்.

மலைச்சி சமைப்பதில் மறைக்க ஒன்றுமில்லை. மஞ்சளும் உப்பும் போட்டு, தண்ணீர் தெளித்து, காயை அரைவேக்காடாக வேக வைப்பாள். தேங்காயோடு சீரகமும் இரண்டு பல் வெள்ளைப்பூண்டும் மிளகாய் வத்தலும் வைத்து, அம்மியில் ஒன்றிரண்டாக அரைத்து ஒதுக்குவாள். கடுகு, உளுந்து, கருவேப்பிலை, சின்ன வெங்காயம் தாளித்து, காயைக் கொட்டிக் கிளறி, தேங்காயைப் போட்டு ஈரம் வற்றும்வரை திருப்புவாள். ஆனால் காய் வேகும்போது ஒருமுறை வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்புவாள். அந்த ஒரு திரும்பலைத்தான் சிதம்பரவடிவு பிடித்தாள். மருமகளின் இடுப்பு மடியிலிருந்து கறுப்பாக ஒரு துண்டு சட்டியில் விழுந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

அப்போதே கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. மகன் மருந்தின் பிடியில் இருக்கிறான், தன்னை நம்ப மாட்டான் என்று பயந்தாள். அன்றிலிருந்து தனக்கு மோர்ச்சோறும் ஊறுகாயும் போதும் என்று சொல்லிவிட்டு, கனியம்மாவைக் குற்றாலம் பக்கம் அனுப்பி, மருந்தெடுப்பதில் பேர்போன ஒருவரை வரச் சொன்னாள். ஆவுடைக்கும் ஆள் விட்டாள். சொல்லி அனுப்பியது இதுதான்: வெள்ளிக்கிழமை மத்தியானம் எம் மகன் வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிறோம். வெளியே வந்தால் உன் தங்கச்சியைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத் தயாராக வா.

ஆவுடை பஸ்ஸில் வரும்போது வழிநெடுக அந்தக் காகிதப் பொதியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். மலைச்சி அப்படிச் செய்கிறவளா? இல்லை. ஆனால் மூன்று வருஷம் அடுப்பங்கரை வாசலில் நிறுத்தப்பட்டவள் என்ன செய்வாள் என்று யாருக்குத் தெரியும்? அந்த யோசனை வந்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். இறங்கும்வரை அது போகவும் இல்லை.

முற்றத்தில் பொன்னுலிங்கம் சட்டையில்லாமல் பலகையில் உட்கார்ந்திருந்தான். எதிரே ஏதோ பச்சிலைச் சாறு நிறைந்த செம்பு. மருந்தெடுப்பவர் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார். ஆவுடை தன் வழக்கப்படி எல்லாவற்றையும் ஒருமுறை உற்றுப் பார்த்தாள். அந்த மனிதரின் இடது கன்னம் வலதைவிட ஒரு சுற்று உப்பியிருந்தது. வெற்றிலை போட்டவர் மாதிரி உதட்டில் சிவப்பு இல்லை. வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஒரு உருண்டையைத் துப்பிக் காட்டுவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"ஐயா, ஆரம்பிக்கதுக்கு முன்ன வாயக் கொப்பளிச்சிருங்களேன்" என்றாள்.

அவர் முகம் கடுத்தது. "என்னத்துக்கு?"

"சும்மாதான். எங்க ஊருல அப்படி ஒரு பழக்கம்."

"அப்படி ஒரு பழக்கத்த நான் எங்கயும் பாக்கல" என்றார், கன்னத்தை அசைக்காமல்.

உன் தங்கச்சி வண்டவாளம் வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறாயா என்று சிதம்பரவடிவு கேட்டாள். மடியிலிருந்து கறுப்பாக எடுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்ததை எல்லார் முன்னாலும் விவரமாகச் சொன்னாள். கனியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆவுடை அடுக்களைப் பக்கம் பார்த்தாள். அப்படியானால் அந்தப் பொதி?

அப்போது அடுக்களையிலிருந்து மலைச்சி துவட்டல் சட்டியோடு வந்தாள். சட்டியைத் தரையில் வைத்தாள். மடியை அவிழ்த்து, காகிதத்தைப் பிரித்து, கறுப்புத் துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இதத்தான் போட்டேன், அத்தே. தினமும் போடுதேன்."

பாதியைக் கடித்துத் தின்றாள். மீதியை மாமியாரின் இடது கையில் வைத்தாள். சிதம்பரவடிவு மோந்து பார்த்தாள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"கருப்பட்டி மாதிரிதான் இருக்கு" என்றாள் கடைசியில். "கருப்பட்டின்னா அத எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?"

"கேட்டேன்லா. பாயாசமான்னு சிரிச்சியளே. இந்தா கனியம்மா மதினியும் சிரிச்சாகளே."

கனியம்மா சுவரைப் பார்த்தாள்.

"கருப்பட்டிக்குள்ளயும் மருந்து வைப்பாளுவ" என்றாள் சிதம்பரவடிவு. குரலில் பழைய வேகம் இல்லை.

"சரி, மருந்துன்னே வைங்க. நீங்க மோருக்கு மாறுத வரைக்கும் இதே சட்டியிலதானே சாப்பிட்டிருக்கிய? மருந்துன்னா நீங்களும்லா எம் பேச்சக் கேக்கணும்? என்னைக்காவது ஒருநா கேட்டியளா?"

முதலில் சிரித்தது கனியம்மாதான். மருந்தெடுப்பவர் கூடத் தலையைக் குனிந்துகொண்டார். சிதம்பரவடிவு ஒருநாள்கூட மருமகள் பேச்சைக் கேட்டதில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

பொன்னுலிங்கம் செம்பைத் தள்ளி வைத்தான். "எம்மா, காலையிலருந்து வெறும் வயித்தோட உக்கார வச்சிருக்க. வாந்தி எடுக்கச் சொல்லுதியா, சோறு போடச் சொல்லுதியா? ஒண்ணு சொல்லு. எனக்குப் பசிக்கி."

தாய் சட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்க்காமல், "எல போடு" என்றாள் மருமகளிடம். "அவருக்கும் போடு. அம்புட்டு தூரம் வந்திருக்காரு."

மருந்தெடுப்பவர் எழுந்து கொல்லைப்புறம் போய் வெகுநேரம் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். கன்னம் இரண்டும் ஒரே அளவாக இருந்ததை ஆவுடை கவனித்தாள். அவர் துவட்டலை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சிதம்பரவடிவு மட்டும் அன்றும் மோர்ச்சோறுதான் சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் ஒரு கரண்டி துவட்டல் கேட்டதாகவும், நாலு வாய் தின்றுவிட்டு, பிடிவாதமாக எழுந்து நின்று, தன் பேச்சு தன் பேச்சாகவே இருக்கிறதா என்று கனியம்மாவைக் கூப்பிட்டுச் சண்டை போட்டுப் பார்த்துக்கொண்டதாகவும் பிற்பாடு மலைச்சி சொல்லிச் சிரித்தாள்.

கைக்கட்டு அவிழ்ந்த பிறகும் சிதம்பரவடிவு அடுப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. வாசலில் உட்கார்ந்து பார்ப்பதையும் விடவில்லை. உப்பு போடும்போது கழுத்தை நீட்டுவாள். காய்க்காரியிடம் வாங்கின காயை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பாள். சந்தேகம் அவளுக்கு மூச்சு மாதிரி. மலைச்சி அதைப் பொருட்படுத்தாமல் அந்தப் பார்வைக்கு முன்னாலேயே சமைத்தாள்.

அடுத்த வருஷம் தெருவில் கேஸ் அடுப்பு வந்தது. இணைப்புக்குப் பேர் எழுதிக்கொள்ள வந்த பையன் யார் பேருக்கு என்று கேட்டான். பொன்னுலிங்கம் தாயைப் பார்த்தான். ரேஷன் அட்டையில் வீட்டுத் தலைவி அவள்தான். கரண்ட் இணைப்பு கூட அவள் பேரில்தான் இருந்தது.

"அவ பேருக்கே எழுது" என்றாள் சிதம்பரவடிவு, மருமகளைக் காட்டி. "அடுப்பு அவளுதுதான?" சற்றுப் பொறுத்து, "இது வெடிக்கும்னு சொல்லுதாவ. ஏதாவது ஆச்சுன்னா அவளே பதில் சொல்லட்டும்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பையன் கைநாட்டுக்கு மை டப்பாவைத் திறந்தான். மலைச்சி அதை மூடி அவன் பக்கமே தள்ளினாள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பீடி சுற்றும் தட்டைத் தூக்கியவள். கல்யாணத்திலிருந்து ரேஷன் வரை அவளை யாரும் பெயரெழுதக் கேட்டதில்லை. பேனாவை வாங்கி, மாமியார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிமலைச்சி என்று ஒவ்வொரு எழுத்தாக, படிவத்தின் கோட்டுக்கு மேலே ஏறிப் போகும்படி எழுதினாள். அது 1999ஆம் வருஷம், ஆவணி மாதம், செப்டம்பர் ஆறாம் தேதி, திங்கட்கிழமை.