வாய்க்காலில் குளிக்கப் போன அந்தோனியார்

புனிதமலர் மாமி மீனை ஏசுவார், மனிதரை ஏசமாட்டார்.

கணவரின் பார் சைக்கிளில், பின் கரியரில் ஈரச் சாக்கு சுற்றிய பெட்டியோடு, முரசுமோட்டை ஒழுங்கைகளில் மீன் விற்றுத் திரிந்தவர் அவர். நேற்று வாங்கிய மீன் பழுது என்று யாராவது குறை சொன்னால், பெட்டிக்குள்ளிருந்து ஒரு மீனை வாலில் பிடித்துத் தூக்குவார்.

"ஏன்ரா, அக்கான்ர சட்டிக்குள்ள போய் உன்ர குணத்தைக் காட்டினனியோ? நல்ல குடும்பம், மரியாதையா நட எண்டு சொல்லித்தானே அனுப்பினனான்!"

குறை சொல்ல வந்தவர் சிரித்துவிடுவார். அந்த மீனே அவருடைய சட்டிக்குப் போகும். சைக்கிள் காற்றுப் போனால் றோட்டுக்கு ஏச்சு. கணவர் பிந்தி வந்தால் அவர் மீன் பிடிக்கும் களப்புக்கு ஏச்சு. யார் பிழை செய்தாலும் பக்கத்தில் நின்ற வாயில்லாத ஒன்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

போரால் முல்லைத்தீவுக் கடற்கரையில் வள்ளம் இறக்க முடியாமல் போன பிறகு, தொண்ணூற்றிரண்டில் அவர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். வாய்க்காலோரமாக இருந்த எங்கள் காணித் துண்டில் அப்பா இடம் கொடுத்தார். மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக ஒரு வீடு எழும்பியது. இன்னாசித்தம்பி மாமா வீச்சுவலையோடு கண்டாவளைப் பக்கக் களப்புக்கு இரவில் போய் விடியத் திரும்புவார். மகள் ஆன்சலா என்னோடு மூன்றாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தாள்.

அந்த வீட்டுக்குள் விலை போகக்கூடிய பொருள் எதுவும் இருந்ததில்லை. ஆனால் சுவரில் அடித்த பலகைத் தட்டில் ஒரு சாண் உயரப் பீங்கான் சொரூபம் ஒன்று இருந்தது. மண்ணிற அங்கி அணிந்த அந்தோனியார். கையில் குழந்தை இயேசு. கடற்கரையை விட்டு வந்த நாளில் மாமி மடியில் வைத்துக்கொண்டு வந்தது அது ஒன்றைத்தான். காணாமற் போனவற்றைத் தேடித் தருபவர் அந்தோனியார் என்று ஆன்சலா எனக்குச் சொல்லியிருந்தாள். சைக்கிள் பூட்டின் திறப்பு, ஆட்டுக்குட்டி, என் அழிறப்பர் எல்லாவற்றையும் அவர் தேடிக் கொடுத்திருக்கிறார். மாமியின் தம்பி றொசானை மட்டும் இன்னும் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவருக்காக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை பின்னேரமும் மாமி மெழுகுதிரி கொளுத்துவார். மெழுகுதிரி தட்டுப்பாடான காலம். ஒரு செபம் முடியும் வரைதான் எரியும்; பிறகு ஊதி அணைத்து அடுத்த செவ்வாய்க்கு எடுத்து வைப்பார். ஒரு செவ்வாயும் தவறியதில்லை.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு சிறுபோகக் காலம். ஒரு சனிக்கிழமை மத்தியானம். மாமி மீன் விற்கப் போயிருந்தார். மாமா வெளியே மரத்தடியில் நித்திரை. எனக்கும் ஆன்சலாவுக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது. குழந்தை இயேசுவின் காலில் விரல்கள் இருக்கின்றனவா, இல்லையா?

"வழவழவெண்டுதான் இருக்கு. நான் பிறந்ததில இருந்து பாக்கிறன்," என்றாள் ஆன்சலா.

"கீழ நிண்டு பாத்தால் எப்பிடித் தெரியும்?"

உரலின் மேல் ஏறிச் சொரூபத்தை எடுத்தேன். விரல்கள் இருந்தன. ஐந்தும் இருந்தன, நெல்லின் நுனியைப் போலச் சின்னச் சின்னதாக. "இந்தா பாரடி" என்று காட்டத் திரும்பியபோது கை வழுக்கியது. மண்நிலத்தில் விழுந்திருந்தால் தப்பியிருக்கும். கீழே அம்மி இருந்தது.

மூன்று துண்டுகள். தலை ஒன்று, உடம்பு ஒன்று, உள்ளங்கையோடு உடைந்த குழந்தை ஒன்று. ஆன்சலா அழவில்லை. என் சட்டை மடியில் மூன்றையும் பொறுக்கிப் போட்டாள்.

"அம்மா வாறதுக்கு முன்னம் உன்ர அம்மாட்டைக் குடுத்து ஒட்டிக்கொண்டு வாடி. ஓடு!"

என் அம்மா கமலாசனி எனக்கு அடிக்கவில்லை. மடியில் கிடந்ததைப் பார்த்ததும் முதல் வேலையாகக் கைகால் கழுவினார்.

"ஐயோ, பின்னமான சாமி! ஒரு நிமிசம்கூட வீட்டில வைச்சிருக்கக் கூடாது."

"ஒட்டிக் குடுக்கச் சொல்லி ஆன்சலா..."

"சாமியை ஒட்டிறதோ? வாயைக் கழுவு. வேதக்காரற்ற சாமி எண்டாலும் சாமிதானே. ஓடுற தண்ணியில விடவேணும்."

எங்கள் வீட்டில் சட்டம் உடைந்த பிள்ளையார் படத்துக்குச் செய்ததையே அம்மா இதற்கும் செய்தார். வாழையிலையில் மூன்று துண்டுகளையும் வைத்தார். சந்தனம் தொட்டு, செவ்வரத்தம்பூ வைத்து, கடைசியாக மிஞ்சியிருந்த கற்பூரக் கட்டியைக் கொளுத்தினார். வாய்க்காலில் தண்ணீர் கரை முட்ட ஓடியது. அம்மா முழங்கால் வரை இறங்கி நின்று, மனதாரக் கும்பிட்டு, இலையைச் சரித்துவிட்டார். என் பயமெல்லாம் அதோடு போய்விட்டது. ஒரு பிழையைச் செய்யவேண்டிய முறைப்படி முடித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

பின்னேரம் அம்மா பனையோலைப் பெட்டியில் புழுங்கலரிசி நிரப்பி, மேலே ஒரு சீப்புக் கதலிப்பழம் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாமி முற்றத்தில் மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்கோ அக்கா. ஆன்சலா எல்லாம் சொன்னவள்."

"புனிதம், என்ர பிள்ளை செய்த வேலைக்கு நான் எந்த முகத்தோட..."

"உங்கட பிள்ளை என்ன செய்தவள்? எல்லாம் இவற்ற வேலை." கதவூடாகத் தெரிந்த வெறும் பலகைத் தட்டை நோக்கி மாமி கையை நீட்டினார். "மேல ஏத்தி வைச்ச நாள் தொடக்கம் கீழ இறங்கத்தான் ஆளுக்கு விருப்பம். பிள்ளை தூக்கினதும் பாய்ஞ்சிட்டார். இதென்னத்துக்கு அரிசியும் பழமும்? சரி, துண்டுகளைத் தாங்கோ. ஆன்சலான்ர அப்பா விளாம்பிசினால ஒட்டுவார். வள்ளமே ஒட்டினவருக்கு இது பெரிய வேலையோ?"

"துண்டோ?" என்றார் அம்மா.

"ஓம், உடைஞ்ச துண்டுகள். கௌசலா கொண்டு வந்தவளாம்."

அம்மாவின் முகம் மாறியது. "வாய்க்காலில விட்டிட்டன், புனிதம். பூ வைச்சு, கற்பூரம் கொளுத்தித்தான்... பின்னமானால் நாங்கள் அப்பிடித்தான் செய்யிறது."

மாமி வாயைத் திறந்தார். ஏசுவதற்கு எதையோ தேடியது போல இருந்தது. ஒன்றும் அகப்படவில்லை. "செவ்வாய்க்கிழமை வருதே, அக்கா" என்று மட்டும் சொன்னார்.

பிறகு எழும்பி, அரிசியைத் தன் பானையில் கொட்டிக்கொண்டு, பெட்டியை அம்மாவிடம் தந்தார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் எந்தப் பாத்திரமும் வெறுமையாகத் திரும்பியதில்லை. நாங்கள் முருங்கைக்காய் அனுப்பினால் கருவாடு வரும். கருவாடு வந்த சட்டியில் மோர் போகும். ஒன்றுமே இல்லாத நாளில் மாமி இரண்டு பச்சைமிளகாயாவது போட்டு அனுப்புவார். அன்றைக்குப் பெட்டி வெறுமையாக வந்தது. மாமி அதைக் கோபத்தில் செய்யவில்லை, மறந்துவிட்டார். அதுதான் அம்மாவைச் சுட்டது. குசினி அடுப்படியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

வயலால் வந்த அப்பா கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"துலைஞ்சதெல்லாம் தேடித் தாற சாமியையே துலைச்சிட்டு வந்து நிக்கிறியே! இனி ஆரட்டைப் போய்க் கேக்கிறது?"

"பகிடி விடாதேங்கோ. அவள் ஒரு சொல்லுக்கூட ஏசேல்லை. ஏசியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இன்னாசித்தம்பி மாமா வீச்சுவலையோடு வாய்க்கால் கரைக்கு வந்தார். வாய்க்காலில் வலை வீசியவரை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. குளிக்க வந்தவர்கள் சோப்பும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன இன்னாசி அண்ணை, இதுக்குள்ள சுறா கிடக்கே?"

"அந்தோனியார்," என்றார் மாமா.

"அவர் நீந்துவாரோ?"

"கடலில என்னை எத்தினை தரம் கரை சேர்த்தவர். நீந்தத் தெரியாமலே?"

ஐந்து முறை வீசினார். இரண்டு குளத்து மீன், ஒரு றப்பர்ச் செருப்பு. தண்ணீரின் இழுவையில் வலை நிலத்தைத் தொடவேயில்லை.

அன்று பின்னேரம் அப்பா வட்டவிதானையார் பரமலிங்கத்திடம் போனார். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பவர் அவர்தான். நெல் கதிர் தள்ளும் நேரம். ஒரு மணித்தியாலத் தண்ணீருக்காக அண்ணன் தம்பிகளே கதை பேச்சில்லாமல் இருந்த நாட்கள்.

"சாமிக்காகத் தண்ணி திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கினம்," என்றார் பரமலிங்கம். "மறிக்கச் சொல்லிக் கேக்கிற முதல் ஆள் நீர்தான். சனம் என்னை விடுமே?"

"என்ர முறையில வெட்டும். நாளைக்குக் காலமை எனக்குத்தானே? அதில ஒரு மணித்தியாலம் மறியும். ஒருத்தரும் கதைக்கேலாது."

பரமலிங்கம் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "உம்மட பெண்சாதி நல்ல பக்திக்காரி. பாத்து வைச்சுக்கொள்ளும்."

திங்கள் காலை ஆறு மணிக்கு வாய்க்காலின் மேற்பக்க மதகில் பலகை இறங்கியது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, கணுக்கால் அளவுச் சேறு தெரிந்தது. இரண்டு வீட்டாரும் இறங்கினோம். மாமியும் அம்மாவும் காலால் சேற்றைத் துழாவியபடி அடுத்தடுத்து நடந்தார்கள். உடம்பு அதிக தூரம் போகவில்லை. முதல் வளைவில் ஒரு கல்லோடு சாய்ந்து கிடந்தது. மாமா எடுத்து, அங்கியில் இருந்த சேற்றைத் தன் சாரத்தில் துடைத்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கரையில் நின்ற அப்பா சூரியனையும் தன் வயலையும் மாறி மாறிப் பார்த்தார்.

திடீரென்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார்.

"என்ர காலுக்கை ஏதோ... ஐயோ புனிதம், மிதிச்சிட்டன்! தலையை மிதிச்சிட்டன்!"

மாமி குனிந்து அம்மாவின் பாதத்தைத் தூக்கி, அடியில் கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்தது அந்தோனியாரின் தலை. மூக்கு நுனி போயிருந்தது. மாமி அதைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"ரெண்டு நாளாச் சேத்துக்கை படுத்திருந்திட்டு, கமலாசனி அக்கான்ர கால் படத்தான் எழும்பினனீரோ? உம்மைத் தேடி ஒரு மனுசன் தன்ர பயிருக்குத் தண்ணி விடாமல் நிக்கிறான். வெக்கமாயில்லை?"

அம்மா சிரிக்கத் தொடங்கினார், சிரித்தபடியே அழுதார். மாமி சேற்றுக் கையாலேயே அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட, இருவரின் முகத்திலும் சேறு.

குழந்தை கிடைக்கவில்லை. அந்த ஒரு மணித்தியாலம் முடியும் வரை நான் முழங்காலில் நின்று சேற்றை அளைந்தேன். தண்ணீர் மறுபடி வந்து என் கையை மூடியபோது மாமிதான் என்னைத் தூக்கிக் கரையில் விட்டார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாங்கள் போனபோது அந்தோனியாரின் கழுத்தைச் சுற்றி விளாம்பிசின் தேன் நிறத்தில் மின்னியது. உள்ளங்கை போன இடது கை வெறுமையாக நீட்டியபடி இருந்தது. நான் கதவு நிலையோடு நின்றுகொண்டேன்.

"கௌசலா, இஞ்ச வா," என்றார் மாமி. சொரூபத்தை எடுத்து என் இரண்டு கைகளிலும் வைத்தார். "தட்டில ஏத்தி விடு."

"மாமி, நான் வேண்டாம். திரும்பவும் விழுந்திடும்."

"விழாது. உடைச்ச ஆளுக்குத்தான் எவ்வளவு கவனமாப் பிடிக்கவேணுமெண்டு தெரியும்."

மாமா என்னைத் தூக்கிப் பிடிக்க, நான் ஏற்றி வைத்தேன். மாமி திரி கொளுத்தினார். செபம் முடிந்ததும் உடனே ஊதவில்லை. வெறுங்கையைப் பார்த்தபடி, "இனி இவருக்கும் தெரியும், ஒண்டைத் துலைச்சுப்போட்டுத் தேடுறது எப்பிடியெண்டு. றொசானை இன்னும் கவனமாத் தேடுவார்" என்றார். அன்று திரி வழமையைவிட ஒரு விரற்கடை கூடுதலாக எரிந்தது.

புறப்படும்போது அம்மாவிடம் வேறொரு பெட்டி தந்தார். மூடி பொருந்தாத அளவுக்கு இறால் கருவாடு. செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் மீன், மச்சம் சேர்ப்பதில்லை. அம்மா அதைக் குசினிக் கூரையில் கட்டித் தூக்கிவிட்டு, புதன் விடியும் வரை பூனையோடு போராடினார்.

வீட்டுக்கு வந்தவர்கள் அந்தோனியாரின் கழுத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பார்கள். மாமி என் பெயரைச் சொன்னதே இல்லை. அம்மாவின் பெயரையும் சொன்னதில்லை. "வெக்கை தாங்காமல் வாய்க்காலில குளிக்கப் போனவர். பிள்ளையை அக்கரையில விளையாட விட்டிட்டுத் தான் மட்டும் வந்திட்டார். ஆம்பிளையளிட்டைப் பிள்ளையைக் குடுத்தால் இப்பிடித்தான்" என்பார்.

தொண்ணூற்றாறில் சண்டை நெருங்கி ஊரே கிளம்பியது. எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் உடையார்கட்டுக்குப் போனோம். மாமி கடைசியாக ஏறினார். ஒரு கையில் வலை. மற்றக் கையால் பெட்டியின் விளிம்பைப் பிடிக்கவேண்டும். அந்தோனியாரை இந்தமுறை மடியில் வைத்திருக்க முடியாது. சுற்றிப் பார்த்தார். மாமா இருந்தார், ஆன்சலா இருந்தாள், அம்மாவும் இருந்தார். சொரூபத்தை என்னிடம் நீட்டினார்.

"பிடி. பாய வெளிக்கிட்டால் ஏசு."

வழியெல்லாம் குழி. ஒவ்வொரு தூக்கிப் போடலுக்கும் நான் அவரை நெஞ்சோடு அணைத்தேன். குழந்தை இருந்த இடத்தில் என் சுட்டுவிரலை வைத்திருந்தேன். ஆன்சலா நெடுநேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எடி, உண்மையா குழந்தையின்ர காலில விரல் இருந்ததோ?"

"இருந்தது. அஞ்சும்."

"சரி," என்றாள். இரண்டு வருடங்களில் முதல் தடவையாக அவள் அதை ஒப்புக்கொண்டாள்.