பாலைவனத்தில் ஒரு பாவு

எழுபதுகளில் ஒரு பங்குனியில், கட்டிலும் அடுப்பும் வைத்த பழைய வேனில் நானும் என் கணவரும் காஞ்சிபுரத்திலிருந்து ராஜஸ்தான் போனோம். மான்கள் திரியும் பாலைவனச் சரணாலயத்தில், வண்டி ஓட்டிய அவர் திடீரென்று பிரேக் போட்டார். பாத்திரமெல்லாம் என் மடியில்.

“எதிர்ல பாவு கட்டிக்கினு இருக்காங்கமா!”

எங்கள் தெருவில் நெசவுக்கான பட்டு நூலை வீதி நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தால் யாரும் வண்டியை ஏற்றமாட்டார்கள். இங்கே யார் கட்டுவார்கள்?

“அது கானல்! எறங்கிப் பாருங்க!” என்று கத்தினேன்.

இறங்கினார். முன்சக்கரத்தில் ஒரே ஒரு நட்டுதான் மிச்சம். மற்ற சக்கரங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நட்டைக் கழற்றி அதில் மாட்டி முடித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஊர் திரும்பிய காலை, தெருமுனையில் மறுபடி பிரேக். எதிரே வீதி நீளத்துக்குப் பாவு.

“இது நெஜமா, கானலா?” என்றார் கிண்டலாக.

நான் இறங்கிப்போய்ச் சக்கரத்தைப் பார்த்தேன்.