கண்ணைப் பாத்து மனம் படிச்ச சிவயோகம் அக்கா

வெள்ளிக்கிழமை காலமை சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருக்க அண்ணை போன் எடுத்தவர். "பிள்ளை, சிவயோகம் எங்களை விட்டிட்டுப் போட்டாள்" எண்டார். முருகா எண்டு அப்பிடியே இருந்திட்டன். திரி எண்ணெய்க்குள்ளை விழுந்ததும் தெரியேல்லை.

சிவயோகம் அக்கா என்ரை பெரியம்மாவின்ரை மகள். அண்ணை அவவின்ரை கூடப்பிறந்த தமையன், உரும்பிராயிலை வெங்காயத் தோட்டம் செய்யிறவர். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அடிக்கிற நினைவு மலருக்கு "நீதான் எழுதவேணும்" எண்டு அண்ணை சொல்லிப்போட்டார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்திலை படிச்சவள், கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன். பொறுத்துக்கொள்ளுங்கோ.

அக்கா சின்னனிலையே ஆக்களின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறவ. கொழும்பிலை படிச்சு, பேந்து வெளிநாட்டிலை சிம்பன்சி வளர்க்கிற ஒரு இடத்திலை ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவ. லீவிலை வந்த நேரம் கலியாண வீட்டிலை ஒரு மாமி, "குரங்கு மேய்க்கவோ பிள்ளை இவ்வளவு படிச்சனீ?" எண்டு கேட்டா. "ஓம் மாமி, இஞ்சை உள்ளவையை மேய்க்கிறதிலும் பாக்க அது லேசு" எண்டாவே! பந்தியிலை இருந்த சனம் சிரிச்சுப் புரைக்கேறிப் போச்சு.

பென்சன் எடுத்து ஊரோடை வந்தாப்பிறகு, நான் படிப்பிக்கிற முன்பள்ளிக்கு வந்து பிள்ளையளோடை ஒரு விளையாட்டு விளையாடுவா. நான் ஒரு மாம்பழத்தைப் பனையோலைக் கடகத்துக்குள்ளை வைச்சிட்டு வெளியிலை போகவேணும். அக்கா அதை எடுத்துக் கோதுமை மா ரின்னுக்குள்ளை ஒளிப்பா. "ரீச்சர் வந்து எங்கை தேடுவா?" எண்டு கேப்பா. மூண்டு வயசுகள் "ரின்னுக்கை!" எண்டு கத்துங்கள். தங்களுக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும் எண்ட நினைப்பு. கொஞ்சம் வளந்ததுகள் "கடகத்துக்கை. ரீச்சர் பாவம், அவவுக்குத் தெரியாதே" எண்டு சொல்லுங்கள். ஒருத்தி பொறுக்கேலாமல் வாசலுக்கே ஓடி வந்திட்டாள். "ரீச்சர், ரின்னுக்கை கிடக்கு! குரங்கு ரீச்சர் ஒளிச்சவ!" அக்கா சிரிச்ச சிரிப்பிலை கண்ணாலை தண்ணி வந்திட்டுது.

"குரங்குகளும் உப்பிடிச் சொல்லுமே அக்கா?" எண்டு கேட்டனான்.

"வாய் திறந்து சொல்லாது பிள்ளை. கண்ணைத்தான் பாக்கவேணும். ஆள் ஏமாந்து தேடப்போற இடத்தை அதுகளின்ரை கண் முந்திப் பாக்கும். அதுகளுக்கும் எங்கடை மனம் கொஞ்சம் விளங்குது. எவ்வளவு எண்டுதான் எனக்கு இன்னும் பிடிபடேல்லை."

"எல்லாம் ஆண்டவன் குடுத்த அறிவு."

"அப்ப குரங்குக்கும் குடுத்திருக்கிறார். ஆஞ்சநேயருக்கு வடைமாலை போடுற உமக்கு இதை ஒத்துக்கொள்ள என்ன கஷ்டம்?"

பேந்துதான் அக்காவுக்கு வருத்தம் வந்தது. புற்றுநோய், முத்திப்போச்சு எண்டு டொக்டர் அண்ணையைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவர். எங்கடை சனத்தின்ரை வழக்கம் தெரியும்தானே, வருத்தக்காரருக்கு அந்தப் பேரைச் சொல்லமாட்டம். "குடல்புண் எண்டுதான் எல்லாரும் சொல்லவேணும்" எண்டு அண்ணை கட்டளை போட்டார். பாக்க வந்த சனம் எல்லாம் "தைப்பொங்கலுக்கு எழும்பி நடப்பியள்" எண்டு சொல்லிப்போட்டு, வாசல் படலையடியிலை நிண்டு அழுது மூக்கைச் சீறினதுகள்.

ஒருநாள் பின்னேரம் அண்ணை மருந்து வாங்கப் போட்டார். நான் சூப் பருக்கிக்கொண்டிருந்தனான்.

"பிள்ளை, எனக்குப் புற்றுநோய்தானே?"

நான் கரண்டியைக் கோப்பைக்குள்ளை போட்டிட்டு எழும்பப் பாத்தன்.

"பதறாதையும். வாய் பேசாததுகளின்ரை கண்ணைப் பாத்தே சீவிச்சனான், உங்கடை கண் எனக்கு விளங்காதே? அண்ணைக்கு மட்டும் சொல்லாதையும். எனக்குத் தெரியாது எண்டு நினைச்சுத்தான் அந்த மனுசன் என்ரை பக்கத்திலை சிரிச்சுக்கொண்டு இருக்குது. தெரியும் எண்டு அறிஞ்சால் உடைஞ்சுபோம். நான் போனாப்பிறகு ஆறுதலாய்ச் சொல்லும்."

செத்த வீட்டிலை அண்ணை தலையிலை அடிச்சு அழுதவர். "என்ரை தங்கச்சியைப் பொய் சொல்லியே அனுப்பிப்போட்டன்." இண்டுவரைக்கும் ஒழுங்காய் ஒரு பிடி சோறு தின்னேல்லை. வாயாலை சொல்லப் போனால் எனக்கு அழுகை முந்துது. அதுதான் இதிலை எழுதுறன். குடல்புண் எண்டு சொன்ன சனமும் வாசிக்கட்டும்.

அண்ணை, அக்கா ஏமாந்து போகேல்லை. அண்டைக்கு நீங்கள் மருந்தோடை வந்த உடனை, "அண்ணை, வாற வருசம் வெங்காயம் நடேக்கை என்னையும் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவியளே?" எண்டு கேட்டவவெல்லே? எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் கேட்டவ. நீங்கள் "ஓம் பிள்ளை, வெயிலுக்குக் குடையும் கொண்டுவாறன்" எண்டிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பித் துவாயாலை முகத்தைத் துடைச்சனியள். அவவின்ரை முகத்தை நீங்கள் காணேல்லை, நான் கண்டனான். உங்கடை முதுகைப் பாத்து, சின்னப் பிள்ளையைப் பாக்கிற மாதிரிச் சிரிச்சுக்கொண்டு கிடந்தவ.

அக்கா, நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிப்போட்டன். அண்ணையைச் சாப்பிடப் பண்ணுறது இனி என்ரை பாடு. நீங்கள் முருகன்ரை காலடியிலை ஆறுதலாய் இருங்கோ.