அயிரை வளர்த்த லேப் அண்ணாச்சி

போன ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக் கொப்பரையை இறக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் தலைமையாசிரியை போன் செய்தார். “டீச்சர், லேப் அண்ணாச்சி தவறிட்டாங்க. நெஞ்சு வலிக்குன்னு சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிட்டு” என்றார். அடுப்பை அணைத்தேன். முன்னறையில் என் வீட்டுக்காரர் மீன் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது என்ற பயம்தான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பிறகு வந்தது.

லேப் அண்ணாச்சி என்று நாங்கள் எல்லோரும் அழைத்த வேலுச்சாமி அவர்கள், நான் கணக்கு நடத்தும் பள்ளியில் உயிரியல் ஆய்வகத்தைக் கவனித்துக்கொண்டவர். சொந்த ஊர் மேலநீலிதநல்லூர். அதிகம் பேசமாட்டார், பேசினால் ஒரு குத்தல் இருக்கும். வீட்டில் மூன்று கண்ணாடித் தொட்டிகளில் அயிரை மீன் வளர்த்தார். ஊரே புளி கரைத்துக் குழம்பு வைக்கிற மீனை ஒருவர் தொட்டியில் போட்டு வளர்த்தால் சும்மா விடுவார்களா? “அண்ணாச்சி, குழம்பு எப்ப?” என்று கேட்காத ஆசிரியர் இல்லை. நானும் கேட்டிருக்கிறேன். “மீனுக்குக் கல்யாண வயசு வரட்டும் டீச்சர்” என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. அவர் விசைத்தறி மெக்கானிக். சங்கரன்கோவிலில் அவர் கைபடாத தறி குறைவு. அந்த வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போயிற்று. காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்த பிறகும் மனிதர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். சோறு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்னை விட்டுப் போகத் தயாராகிவிட்டாரோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணாச்சியிடம் மட்டும் ஒருநாள் வாய்தவறி வந்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் ஒரு தொட்டியும் பன்னிரண்டு அயிரையுமாக ஆட்டோவில் வந்து இறங்கினார். நன்றாக அலசிய நைசான மணலை அடியில் பரப்பினார். “கல்லு போட்டா மீசை தேஞ்சிரும் டீச்சர். மண்ணுக்குள்ள பொதையுத சாதி இது” என்றார். மேலே வலை கட்டினார். அயிரை துள்ளி வெளியே விழுந்துவிடுமாம். கட்டிலில் படுத்தால் தெரியும்படி தொட்டியைத் திருப்பி வைத்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். என் வீட்டுக்காரர் சுவரை விட்டுத் தொட்டியைப் பார்க்க ஆரம்பித்தார்.

பிறகு நான் ஒரு கூத்துப் பண்ணினேன். மீன்களின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் வந்தன. எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் கோயிலில் அம்மன் பிரசாதமாகக் கொடுக்கும் புற்றுமண்தான் முதல் மருந்து. ஒரு சிட்டிகை புற்றுமண்ணைக் கரைத்து, கூடவே ஒரு கை கல்லுப்பையும் தொட்டியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இவர் இடது கையால் கட்டிலை அடித்து அடித்து அழுதார். சொந்தக் கை விழுந்ததற்கு அழாதவர்.

அண்ணாச்சி ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும், “அம்மன் மேல குத்தமில்ல. குழம்புக்கு அயிரைய எதப் போட்டு உரசுதோம்? கல்லுப்பத்தான? பாதிக் குழம்பு நீங்களே வச்சிட்டீங்க டீச்சர்” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். மருந்தையும் கடைக்காரர் சொன்னதில் பாதிதான் விட்டார். “இதுக்குச் செதில் பேருக்குத்தான் உண்டு. முழு அளவு தாங்காது.” ஏழு மீன்கள் பிழைத்தன.

அன்று ஒரு கட்டளை போட்டார். “இனிமே நீங்க தொட்டியத் தொடக்கூடாது. உங்க வீட்டு அண்ணாச்சி பாத்துக்கிடுவாங்க.” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கை வெளங்காத மனுசன வேலை வாங்கச் சொல்லுதீங்களா?” என்று கேட்டுவிட்டேன். “எடது கை சும்மாதான இருக்கு” என்றவர், அழுக்குத் தண்ணீரை உறிஞ்சும் குழாயை இவர் கையில் கொடுத்தார். வாரா வாரம் வந்து பக்கத்தில் உட்காருவார். ஒரு விரல்கூட உதவமாட்டார். முதல் இரண்டு மாதம் தரையெல்லாம் வெள்ளம். நான் துடைத்துத் துடைத்து இருவரையும் ஏசினேன். ஒருநாள் தொட்டி வேலை முடிந்ததும் இவர் தட்டைத் தட்டிச் சோறு கேட்டார். நான் அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டுத்தான் பரிமாறினேன்.

அப்படிப்பட்டவரின் சாவுச் செய்தியை எப்படியோ சொல்லி முடித்தேன். இவர் அழவில்லை. இடது கையாலேயே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். பக்கவாதம் வந்தபின் ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் போகாதவர்.

இருவரும் ஆட்டோவில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். மத்தியானம் எடுத்துவிட்டார்கள். சுடுகாடு வரை நடக்க முடியாது என்பதால் இவர் பெண்களோடு வீட்டிலேயே இருந்தார். பிணம் போனதும் வீட்டில் பிடித்துவைத்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு வீட்டைக் கழுவிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். குடம், அண்டா எல்லாம் கவிழ்ந்தன. அண்ணாச்சியின் சித்தி ஒருவர் பின்கட்டில் இருந்த நீல டிரம்மைச் சாய்க்கப் போனார். குழாய்த் தண்ணீரின் மருந்து வீச்சம் போக இரண்டு நாள் ஆறவைத்து, மீனுக்கென்றே அண்ணாச்சி பிடித்துவைத்திருந்த தண்ணீர் அது.

இவர் எழுந்து காலை இழுத்துக்கொண்டு போய் டிரம்மின் மேல் கையை வைத்தார். என்னிடம் தவிர வேறு யார் முன்னாலும் வாய் திறக்காதவர், அத்தனை பெண்களுக்கும் கேட்க, “ஊத்தாதீங்க. மீனுக்கு” என்றார். எல்லோரும் அண்ணாச்சியின் மனைவியைப் பார்த்தார்கள். அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்த மதினி தலை நிமிர்ந்து, “வச்சிருங்க சித்தி. அவுக சொன்னாச் சரி” என்றார்.

அண்ணாச்சி, நீங்கள் அங்கே எரிந்துகொண்டிருந்த நேரத்தில், இங்கன உங்கள் மூன்று தொட்டிகளுக்கும் என் வீட்டுக்காரர் தண்ணீர் மாற்றி முடித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்று மதினியிடம் அவரே சொல்லிவிட்டு வந்தார். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.